உடுத்தி அனுப்பியவர்

“இந்தப் பத்தியத் தூக்கி இங்கன வச்சது யாரு?”

எஸ்தர் அக்கா குடையை மடக்கக்கூட இல்லை. அச்சகத்தின் வாசற்படியில் நின்றபடியே கேட்டார். சிவகாசியில் பங்குனி வெயில் காலை பத்து மணிக்கே கண்ணைக் கூச வைக்கும். அந்த வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றதால் அவர் முகம் தெரியவில்லை. கையிலிருந்த புரூப் தாள் மட்டும் படபடத்தது.

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் ஓடும்போது எங்கள் அச்சகத்தில் யாராலும் மெதுவாகப் பேச முடியாது. கோபம் இல்லாதவர்கள்கூடக் கோபமாகத்தான் பேசுவார்கள். அக்காவுக்கு நிஜமாகவே கோபம்.

முதலாளி அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அங்கே புரூப்பில் பிழை பார்க்கிறவன் நான் ஒருவன்தான்.

“நாந்தான்க்கா,” என்றேன்.

“ஏன்?”

“வரிச மாறியிருந்துச்சு. சரி பண்ணுனேன்.”

“எது வரிச மாறியிருந்துச்சு? பைபிளா?”

அண்ணாச்சி கையைத் தூக்கி மெஷினை நிறுத்தச் சொன்னார். திடீரென்று வந்த அமைதியில் ரோலர் துடைக்கிற மண்ணெண்ணெய் வாசனை கூடுதலாகத் தெரிந்தது.

விருதுநகர் கமிஷன் கடை மாடியில், மிளகாய் வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே பரீட்சைக்குப் படித்த கதையைப் போன வாரம் இந்தத் தொடரில் சொன்னேன். அப்படிப் படித்து வாங்கிய பட்டத்தோடு நான் ஒரு நல்ல வேலைக்குப் போயிருப்பேன் என்று பலரும் நினைத்திருப்பீர்கள். நான் போனது ஓர் அச்சகத்துக்கு. வேலைக்காகப் போனேன் என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. ஒளிந்துகொள்ளப் போனேன்.

பன்னிரண்டு பாடங்கள்

எஸ்தர் அக்காவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். சூலக்கரையில் கலெக்டர் ஆபீசில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய சபையில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பார். கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் பத்துப் பன்னிரண்டு நாள் உட்காரவைத்துப் பாட்டும் கதையுமாக நடத்துகிற வேத வகுப்புக்கு அந்த வருடம் அவரே ஒரு பாடப் புத்தகம் எழுதினார். பன்னிரண்டு பாடம். ‘மீட்பின் வேர்கள்’ என்று பெயர்.

மீட்பு என்றால் சிலுவையிலிருந்துதான் தொடங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். அக்கா பதினொரு பாடம் வரை சிலுவைப் பக்கமே போகவில்லை. எல்லாம் பழைய கதைகள். தோட்டத்தில் ஒளிந்தவர்கள், ஆடு கொண்டுவந்த தம்பி, மகனுக்குப் பதிலாகப் புதரில் மாட்டிக்கொண்ட கடா, நிலைக்கால்களில் பூசிய ரத்தம். மண்ணுக்கு மேலே தெரிகிற மரத்தை எல்லாரும் பார்க்கிறார்கள், நான் பிள்ளைகளுக்குக் கீழே தோண்டிக் காட்டப்போகிறேன் என்று முன்னுரையில் எழுதியிருந்தார்.

முதல் பாடம் ஆதாம் ஏவாள். நமக்கும் தெரிந்த கதைதான். தின்னக் கூடாத பழத்தைத் தின்கிறார்கள். வெட்கம் வந்து இலையைத் தைத்துக் கட்டிக்கொண்டு மரங்களுக்குள் ஒளிகிறார்கள். கடவுள் வந்து எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறார். விசாரணை. தீர்ப்பு. அதற்குப் பிறகு அக்கா இப்படி எழுதியிருந்தார்: கடவுள் அவர்களுக்குத் தோலினால் உடை செய்து உடுத்தினார். அதன் பின் அவர்களைத் தோட்டத்தைவிட்டு வெளியே அனுப்பினார்.

நான் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, உடையைக் கீழே தள்ளினேன். முதலில் வெளியே அனுப்பினார், பிறகு உடை கொடுத்தார்.

தட்டச்சு செய்கிறவர் நான் போட்ட அம்புக்குறிப்படியே மாற்றிவிட்டார். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. தண்டனை கொடுக்கப்போகிறவர், அனுப்புவதற்கு முன்னால் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருப்பாரா? எழுதியவர் கவனக்குறைவாக எழுதிவிட்டார் என்று நினைத்தேன். சத்தியமாக உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

படித்தவன் எடுத்த சேலை

நான் ஏன் அப்படி நினைத்தேன் என்பதற்கு ஒன்றரை வருடம் பின்னால் போகவேண்டும்.

எங்கள் ஊர் தாயில்பட்டி. என் அக்கா மாரீஸ்வரி பயராபீசில் வேலை பார்த்தாள். பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் பயராபீஸ் என்றுதான் சொல்வோம். தரைச்சக்கரம் சுற்றுகிற வேலை. அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மாவும் அப்பாவும் போனதில்லை. அவர்கள் மூன்று பேரும் போகாததால் நான் போனேன்.

பயராபீசில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் சேலைக்கு மேலே ஒரு பருத்திச் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். பெரும்பாலும் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டை. அக்கா போடுவது மச்சான் காளிராஜுடைய வெள்ளைக்கோடு போட்ட நீலச் சட்டை. உள்ளே கட்டுகிற சேலையும் பருத்தியாகத்தான் இருக்கவேண்டும். நைலான், பாலியஸ்டர் எதுவும் கூடாது என்று கேட்டிலேயே சொல்லி அனுப்புவார்கள். பருத்தி தீப்பிடித்தால் கருகி உதிர்ந்துவிடும். மற்றது உதிராது.

நான் வேதியியல் மாணவன். இதை மூன்றாம் வருடப் பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறேன்.

அந்த ஆயுத பூஜைக்கு அக்காவுக்கு ஒரு சேலை எடுத்தேன். டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்ததில் எடுத்தது. மயில் கழுத்து நிறம். விளக்கு வெளிச்சத்தில் கடைக்காரர் விசிறி மாதிரி விரித்துப் போட்டபோது அது தண்ணீர் போல ஓடியது. இஸ்திரி வேண்டாம், உதறிப் போட்டால் காய்ந்துவிடும் என்றார். என்ன துணி என்று நான் கேட்கவே இல்லை.

“படிச்ச புள்ள, நீ எடுத்தாச் சரியாத்தான் இருக்கும்,” என்றார் அம்மா.

ஆயுத பூஜை அன்று பயராபீசில் வேலை கிடையாது. கூட்டிப் பெருக்கிக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை கொடுத்து மத்தியானத்துக்குள் அனுப்பிவிடுவார்கள். எல்லாரும் புதுத்துணியில் வருவார்கள். கேட்டிலும் அன்றைக்குக் கொஞ்சம் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். அக்கா அன்று சட்டையை மாட்டவில்லை. மாட்டினால் சேலை தெரியாது. தம்பி எடுத்துக் கொடுத்தது, தம்பி எடுத்துக் கொடுத்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாளாம்.

கூட்டிய குப்பையில் எங்கோ கொஞ்சம் வெடிமருந்துத் தூள் இருந்திருக்கிறது. தகரம் உரசியதா, கல் உரசியதா, யாருக்கும் தெரியவில்லை. வெடிக்கவில்லை. குப்பென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற இரண்டு பேருடைய சேலை முனை கருகி உதிர்ந்தது. அக்காவின் சேலை உதிரவில்லை. இடது காலில் முழங்காலுக்குக் கீழே, அணைக்கப்போன வலது கையில் தீக்காயம்.

மதுரை ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து தோல் எடுத்துக் காலில் வைத்தார்கள். துணி தோலோடு ஒட்டிப்போயிருந்தது என்று ஒரு நர்ஸ் அம்மாவிடம் சொன்னதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அம்மாவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்தக் கட்டடத்திலேயே என்னைவிட நன்றாக அது புரிந்த ஆள் இல்லை.

டீ வாங்கி வருகிறேன் என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். நேராக பஸ் ஸ்டாண்டு. பிளாஸ்க்கோடு சிவகாசி வந்து சேர்ந்தேன்.

முக்கால் மணி நேரத் தொலைவு

காலண்டர் சீசன் தொடங்கியிருந்த நேரம். ஆள் கிடைத்தால் போதும் என்று அண்ணாச்சி என்னைச் சேர்த்துக்கொண்டார். மாடியில் பேப்பர் கட்டுகளுக்கு நடுவே ஓர் அறை. புதுப் பேப்பருக்கு ஒரு வாசனை உண்டு, நனைந்த வைக்கோல் மாதிரி. இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் நான் அங்கேயே நின்றுவிடுகிறேன். பிடித்த வாசனைதான்.

ஊருக்கும் எனக்கும் முக்கால் மணி நேர பஸ் தூரம். ஒளிகிறவன் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகவேண்டும். எனக்கு அந்தத் தைரியமும் இல்லை. அம்மா போன் செய்தால், ஆர்டர் ரொம்ப இருக்கும்மா, லீவு கிடைக்கலை என்பேன். தீபாவளிக்கு அதைச் சொன்னேன். பொங்கலுக்கும் சொன்னேன். அடுத்த தீபாவளிக்கு அம்மா கேட்கவே இல்லை.

அக்கா போனில் பேசுவதில்லை. நானும் கூப்பிடவில்லை. ஏதாவது பெரிதாகச் செய்துவிட்டு, அரசு வேலை மாதிரி ஒன்றை வாங்கிவிட்டு, அதற்குப் பிறகு போய் அவள் முன்னால் நிற்கலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். முதலில் தண்டனை முழுவதும் முடியட்டும், பிறகு பார்ப்போம். எனக்குத் தெரிந்த வரிசை அது ஒன்றுதான்.

அண்ணாச்சி சொன்ன தீர்ப்பு

எஸ்தர் அக்கா இப்போது உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார். தாளை என் மேஜையில் விரித்து, விரலால் அழுத்திக்கொண்டார்.

“நீங்க சொல்லுங்க தம்பி. இது எப்பிடி வரிச மாறுனது?”

“வெளிய அனுப்புன பெறகுதான்க்கா துணி வேணும். தோட்டத்துக்குள்ள எதுக்கு?”

“சரி. வெளிய என்ன இருக்கு?”

“முள்ளுன்னு எழுதியிருக்கீக.”

“முள்ளு இருக்கு, வெயிலு இருக்கு, குளுரு இருக்கு. இவுக கட்டியிருக்கது இல. சாயங்காலம் வந்தா வாடி உதுந்துரும். அம்மணமா அனுப்ப அவருக்கு மனசு வரல. அதனால உக்காந்து, தச்சு, உடுத்திவிட்டுட்டுத்தான் கதவத் தெறந்தாரு. இந்த ஒரு வரிக்காகத்தான் நா இந்தப் பொஸ்தகத்தையே எழுதுனேன். நீங்க அதத் தூக்கி வாசலுக்கு வெளிய போட்டுட்டீக.”

“அப்பத் தண்டன எதுக்குக்கா?”

“தண்டன தண்டனதான். இல்லேன்னு யாரு சொன்னா? போகத்தான் வேணும்.”

“வெளிய போயி, கஷ்டப்பட்டு, திருந்துன பெறகு குடுத்திருக்கலாம்ல?”

“திருந்துற வரைக்கும் எதக் கட்டிக்கிட்டு இருப்பாக?”

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். “ஏலே முனீசு, ஒன்னய எழுத்தப் பாக்கச் சொன்னா நீ கடவுளுக்கே புரூப் பாக்குதியா?”

உள்ளே மெஷின்காரரும் சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிடிவாதமாக இன்னொன்று கேட்டேன்.

“தோலுன்னா, எதோட தோலு?”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “பேரு போடல. ஆனா ஒரு உசுரு போயிருக்கும்ல. தப்புப் பண்ணுனது இவுக. செத்தது அது. முத முதல்ல ஒண்ணுக்காக இன்னொண்ணு போனது அங்கனதான். பின்னால வர்ற ஆடு, கடா, ரத்தம் அம்புட்டும் அதுலருந்து மொளச்சதுதான். அதுக்கும் முந்தியே, இவுக ரெண்டு பேருக்கும் தீர்ப்பு வாசிக்கும் முன்னாடியே, பாம்புகிட்டச் சொல்லியாச்சு. இந்தப் பொம்பளயோட வம்சத்துல ஒருத்தன் வருவான், நீ அவன் குதிகாலக் கடிப்ப, அவன் ஒன் தலைய மிதிப்பான்னு. பாத்தீகளா, வாக்கு முந்தி. தீர்ப்பு பிந்தி.”

குலசாமிக்குக் கடா வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தவனுக்கு ஒரு உயிருக்குப் பதில் இன்னொன்று என்பதைத் தனியாக விளக்கவேண்டியதில்லை. எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது அந்த வரிசை. திருந்தினால் தருவேன் என்று சொல்லாத கடவுளை எந்த அலமாரியில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதை அன்று நான் அவரிடம் சொல்லவில்லை. ‘தோலினால் உடை’ என்கிற இரண்டு சொற்களைப் படித்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் அம்புக்குறி போட்டேன். அந்த வரியை என் கண்ணுக்கு முன்னாலிருந்து எங்காவது தள்ளிவிட வேண்டும் போலிருந்தது.

“அச்சடிக்கப் பிளேட் போட்டாச்சே,” என்றார் அண்ணாச்சி.

“வேற போடுங்க,” என்றார் எஸ்தர் அக்கா. விரித்தபடியே பக்கத்தில் கிடந்த குடையை மடக்கினார்.

செருப்பைக் கழற்றியவன்

அதன் பிறகு எஸ்தர் அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, “இந்த வாரம் எதையும் மாத்தலயே?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். நான் பயந்து பயந்து எழுத்தை மட்டும் பார்த்தேன். ஆனால் பாடங்கள் என்னை விடவில்லை.

தம்பியைக் கொன்றவன் கதை மூன்றாவது பாடம். அவனைத் துரத்திவிடுகிறார் கடவுள். துரத்தும்போதே, யாரும் அவனைக் கொன்றுவிடாதபடி ஓர் அடையாளமும் போட்டு அனுப்புகிறார். இங்கேயும் அடையாளம் முதலில். வேண்டுமென்றே ஒருமுறை கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன். வரிசை சரியாகத்தான் இருந்தது.

ஏழாவது பாடம்தான் என்னை உட்காரவிடாமல் செய்தது. அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்திருக்கிறது. ஒருவன் நிலத்தை இழந்தாலோ, தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டாலோ, அவனை மீட்கவேண்டியது அரசன் இல்லை, நெருங்கின சொந்தக்காரன். அது அவனுடைய உரிமை. அவனுடைய பொறுப்பும்கூட. மாமியாரோடு அகதியாக வந்த ஒரு விதவைப் பெண்ணின் கதையில், மிக நெருங்கின சொந்தக்காரன் ஒருவன் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் என்னால் முடியாது என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறான். அடுத்த சொந்தக்காரன் முன்வந்து மீட்கிறான். அந்த வம்சத்தில்தான் பின்னால் இயேசு வருகிறாராம்.

பிள்ளைகளுக்குப் புரியவேண்டும் என்று எஸ்தர் அக்கா ஒரு வரி சேர்த்திருந்தார்: நம் ஊர்த் தாய்மாமன் மாதிரி.

செருப்பைக் கழற்றியவனுக்குப் பெயர் போடவில்லை. நான் அந்தப் பக்கத்தை நான்கு முறை படித்தேன்.

என் அக்கா மாரீஸ்வரிக்கு ஒரு மகள், தர்ஷினி. ஆறு வயது. அவளுக்கு இன்னும் காது குத்தவில்லை. எங்கள் பக்கம் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்காரும். மாமன் மடி இல்லையென்றால் பெரியப்பா மகனோ பங்காளியோ யாராவது உட்காரலாம், அப்படியும் நடக்கும். ஆனால் அந்த மடி எனக்கானது. நான் போகாததால் ஒன்றரை வருடமாக அந்தப் பிள்ளைக்குக் காது குத்தாமல் கிடந்தது. அம்மா இதை மட்டும் ஒருமுறை போனில் சொன்னார். ஆர்டர் இருக்கும்மா என்றேன்.

பி.எஸ்ஸி.

பங்குனி முடிகிற வாரம், ஒரு மத்தியானம். வாசலில் பைக் நிற்கிற சத்தம். உள்ளே வந்தது என் மச்சான் காளிராஜ்.

என்னைப் பார்த்தார். பார்க்காத மாதிரி நேராக அண்ணாச்சியிடம் போனார்.

“காதுகுத்துப் பத்திரிக அடிக்கணும் அண்ணாச்சி. சித்திர கடைசில வச்சிருக்கோம்.”

“அடிச்சிருவோம். எழுதிக் கொண்டாந்திருக்கீகளா?”

“இந்தா இருக்கு. புரூப்ப மட்டும் நல்லாப் பாக்கச் சொல்லுங்க. இங்கன புரூப் பாக்குறவரு பெரிய படிப்பாளின்னு எங்க வீட்டுல சொன்னா.”

அண்ணாச்சி ஒன்றும் புரியாமல் தாளை என்னிடம் நீட்டினார். கோடு போட்ட நோட்டுத் தாள். மேலே பிள்ளையார் சுழி. பென்சிலால் பெரிய பெரிய எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் கோட்டைவிட்டுக் கீழே இறங்கியிருந்தது. தர்ஷினியே எழுதியிருக்கிறாள். ஒன்றாம் வகுப்புக்குள் இவ்வளவு எழுதப் படித்துவிட்டாளா?

நடுவில் ஒரு வரி. தாய்மாமன்: மு. முனீஸ்வரன் பி.எஸ்ஸி., தாயில்பட்டி.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் வருகிறேன் என்று சொல்லவில்லை. பத்திரிகையில் என் பெயர் ஏற்கெனவே ஏறிவிட்டது.

“மச்சான்,” என்றேன்.

“டீ வாங்கப் போன ஆளு இங்கனதான் இருக்கீகளா மாப்ளே? ஆஸ்பத்திரில எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

“இந்த பி.எஸ்ஸிய மட்டும் எடுத்துருவோமா?” என்றேன்.

“எதுக்கு?”

“வேண்டாம் மச்சான். அதுக்கு நா லாயக்கில்ல.”

“அத ஒங்க அக்காகிட்டக் கேட்டுக்கோங்க. அவ சொல்லச் சொல்லப் புள்ள எழுதுனது. நா கை வைக்க மாட்டேன், எனக்கு அடி தாங்காது.” போனில் எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்துவிட்டு வெளியே பைக் பக்கம் போய் நின்றுகொண்டார்.

“யாரு?” என்றாள் அக்கா. அந்தக் குரலைக் கேட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

“நாந்தான்.”

அவள் பக்கத்தில் குக்கர் விசில் அடித்தது.

“எங்கலே இருக்க?”

“ஒனக்குத் தெரியும்லக்கா. மச்சான இங்கனதான அனுப்பியிருக்க.”

“தெரியும். ஒன் வாயால சொல்லட்டும்னு கேட்டேன்.”

“அக்கா, அந்தச் சேல பாலியஸ்டரு. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நா படிச்சிருக்கேன். பரீட்சைல எழுதியிருக்கேன்.”

“சேல பாலியஸ்டருன்னு எனக்கும் தெரியும்லே. பதினஞ்சு வருசமா பயராபீசுல இருக்கேன், தொட்டாத் தெரியாதா? தெரிஞ்சுதான் கட்டுனேன். சட்டையப் போடாம இருந்தது நானு. அத ஒங்கிட்டச் சொல்லணும்னு பாத்தா, நீ பிளாஸ்க்கத் தூக்கிட்டு ஓடிட்ட.”

“இல்லக்கா, தப்பு என்...”

“வாய மூடு. தப்பு என் மேல.”

“நாந்தான எடுத்தேன்?”

“நாந்தான கட்டுனேன்?”

அந்தத் தோட்டத்தில் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்கள் என்று முதல் பாடத்தில் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் போனில் அந்தப் பழியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். தப்பு எனக்கு வேண்டும், எனக்கு வேண்டும் என்று. அண்ணாச்சி எதிரில் உட்கார்ந்து எதையும் கேட்காத மாதிரி ஒரு பழைய காலண்டரைப் புரட்டினார்.

அக்காவின் குரல் உடைந்தது. உடைந்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏலே, சேல எரிஞ்சது ஒரு நா. நீ வராம இருந்தது ஒன்றர வருசம். எது எனக்குப் பெருசா வலிச்சிருக்கும்னு நீயே சொல்லு. நீ படிச்சவன்தான?”

கையிலிருந்த நோட்டுத் தாளை மடித்தேன், பிரித்தேன். அவள் விடவில்லை.

“புள்ள மூளிக் காதோட பள்ளிக்கூடம் போகுது. பெரியப்பா மவன் மடியில வச்சுக் குத்திருவோம்னு எல்லாரும் சொன்னாக. நா மாட்டேன்னுட்டேன். ஒம் பேரப் போட்டாச்சு. வந்தா வா. வரலேன்னா அந்தப் பேரு அங்கனயே இருக்கட்டும். பி.எஸ்ஸிய எடுத்த, அப்பறம் தெரியும்.”

வைத்துவிட்டாள்.

நான் புரூப்பில் ஒரு பிழையும் திருத்தவில்லை. தர்ஷினி ‘காதணி’யில் துணைக்காலை விட்டிருந்தாள். அதை மட்டும் போட்டேன்.

மாமன் மடி

எங்கள் குலசாமி கோயில் ஊருக்கு வெளியே, கருவேல மரங்களுக்கு நடுவில். சுவரும் கூரையும் கிடையாது. கல், சூலம், ஒரு பழைய வேப்பமரம். சித்திரை கடைசி ஞாயிறு. பந்தலுக்குக் கீழே ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அடுப்புப் புகையும் சந்தன வாசனையும் கலந்து வந்தன.

தர்ஷினிக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார்கள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இவுகளா மாமா? போட்டோவுல ஒல்லியா இருந்தாக.”

“அச்சாபீசுல ஒக்காந்தே இருந்தா அப்பிடித்தான்,” என்றார் மச்சான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு ஓரிடம் இருந்தது. அவ்வளவு நாளும் இருந்திருக்கிறது போல.

ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே, “மாமன் எங்க?” என்றார். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். நினைத்ததைவிடக் கனம்.

“மாமா, வலிக்குமா?”

வலிக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. “வலிக்கும்.”

“கெட்டியாப் புடிச்சுக்கிருவீகளா?”

“புடிச்சுக்கிருவேன்.”

அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்தேன். சந்தனம் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. ஆசாரி ஊசியைக் கொண்டுவந்தார். நிறுத்தினார்.

“மாமன் கை ஆடுது.”

நான் இறுக்கிப் பிடித்தேன். இன்னும் ஆடியது.

“இப்பிடி ஆடுனா நா குத்த மாட்டேன். எடம் மாறிரும். வேற ஆள ஒக்காரச் சொல்லுங்க.”

பெரியப்பா மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான். நல்ல மனசோடுதான் வந்தான். நான் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க எழுந்திருக்கப் பார்த்தேன். என் உடம்பு அதற்குத் தயாராகவே இருந்தது.

“ஒக்காருலே.”

அக்கா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறாள். அதை அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில், காலை நீட்டி மெதுவாக உட்கார்ந்தாள்.

“வேற ஆளு கெடையாது ஆசாரி. இவந்தான் மாமன். குத்துங்க.”

“கை ஆடுதேம்மா.”

“ஆடட்டும். நா புடிச்சுக்கிடுதேன்.”

தன் வலது கையை என் கைமேல் வைத்தாள். அந்தக் கையில் இரண்டு விரல்கள் முழுதாக நீளவில்லை. தோல் இழுத்துக் கட்டினாற்போல வழவழவென்று இருந்தது. இடத்துக்கு இடம் நிறம் வேறு. ஒன்றரை வருடமாக நான் கனவில் பார்க்கப் பயந்த கை. அது கதகதப்பாக இருந்தது. சோறு வடித்துவிட்டு வந்த கை.

என் நடுக்கம் நின்றுவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நிற்கவில்லை. அவள் அதற்கு மேல் அழுத்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஊசி இறங்கியது. தர்ஷினி வீறிட்டு என் சட்டையைக் கடித்தாள்.

“ஒண்ணு முடிஞ்சது,” என்றார் ஆசாரி. “திருப்புங்க.”

அக்கா கையை எடுக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்தச் சின்னத் தலையை அடுத்த காதுக்குத் திருப்பினோம்.